ராமேசுவரம் தீவில் வலசைப் பறவைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்காலம் நெருங்கினாலே ராமேசுவரம் போகத் திட்டமிடும் நண்பர்களிடமிருந்து கேள்விகள் வரத் தொடங்கிவிடும். அவற்றையும் நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கோயிலுக்குப் போகிறவர்கள், குடும்பத்தோடு தனுஷ்கோடி பார்க்கப் போகிறவர்கள், கேமராவும் கையுமாகப் போகிறவர்கள் என எல்லோருக்கும் ஆகும். ஓரளவு விவரம் தெரிந்தவர்கள் ஓதம் (கடல்நீர் ஏறி இறங்குவது) பற்றிய பகுதிக்கு நேரே போய்விடலாம். அதுதான் முக்கியம்.

எந்த மாதத்தில் போனால் நிறையப் பறவைகள் பார்க்கலாம்?

ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதிக்குள் போங்கள். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய உப்பங்கழிகள் அப்போது வற்றிக் கணுக்கால் ஆழத்துக்கு வந்திருக்கும். சேறு வெளியே தெரியும். பூநாரையும் உள்ளானும் இரை தேட அதுதான் வசதி. வானமும் தெளிவாக இருக்கும்.

பறவைகள் ஜனவரிக்காகக் காத்திருப்பதில்லை. ஆகஸ்டு கடைசியிலேயே முதல் கரைப்பறவைகள் (உள்ளான், உப்புக்கொத்தி போலக் கரைச் சேற்றிலும் மணலிலும் இரை தேடுபவை) வந்து இறங்கிவிடும். முதலில் வருபவை பெரும்பாலும் முதிர்ந்த பறவைகள். இனப்பெருக்கக் காலத்து நிறம் முழுதாக உதிராமல் மார்பில் திட்டுத் திட்டாகச் செம்மை ஒட்டியிருக்கும். அந்த வருடம் பிறந்த குஞ்சுகள் பின்னால் வரும், பல இனங்களில் வழிகாட்ட ஆளில்லாமலே. அக்டோபர், நவம்பரில் தரைவாழ் சிறு பறவைகள் தீவைக் கடந்து போகும். ஆனால் அது மழைக்காலம். புயல் அறிவிப்பு வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

மார்ச் கடைசி, ஏப்ரல் மாதங்களை நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். எனக்குப் பிடித்த பருவம் அதுதான். பனிக்காலம் முழுக்கச் சாம்பலும் வெள்ளையுமாக நின்ற வளைமூக்கு உள்ளான்கள் அப்போது செங்கல் நிறத்துக்கு மாறும். மணல் உப்புக்கொத்தியின் மார்பில் ஆரஞ்சுப் பட்டை ஏறும். வெயில் கடுமைதான், ஆனாலும் போகலாம்.

மே, ஜூனில் ஒன்றுமே இருக்காதா?

கொஞ்சம் இருக்கும். உருவில் பெரிய கரைப்பறவைகளில் முதல் வயதுப் பறவைகள் பல வடக்கே திரும்பாமல் கோடையையும் இங்கேயே கழித்துவிடும். அவற்றோடு உள்ளூர் ஆலாக்கள், கரைக்கொக்கு, செம்பருந்து. தென்மேற்குக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். டெலஸ்கோப்பை நிறுத்தவே முடியாது.

பூநாரைகள் ஆஸ்திரேலியாவிலிருந்து வருவதாகச் செய்திகளில் படித்தேன். உண்மையா?

இல்லை. வருடா வருடம் இந்தச் செய்தி எங்காவது வந்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் காட்டுப் பூநாரைகளே கிடையாது. நாம் பார்க்கும் பெரும் பூநாரைகள் இனப்பெருக்கம் செய்யும் பெரிய இடம் நம் நாட்டிலேயே இருக்கிறது: குஜராத்தின் கட்ச் பெரும் ரண். உப்புச் சமவெளியில் தண்ணீர் தேங்கும் வருடங்களில் அங்கே சேற்றைக் குவித்துக் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். தண்ணீர் சரியாக இல்லாத வருடத்தில் பொரிக்காமலும் விட்டுவிடும். அங்கிருந்து கடலோர உப்பு நீர்நிலைகளைத் தொட்டுத் தொட்டுத் தெற்கே வருகின்றன.

மற்றவற்றுக்கு ஊர் வேறு வேறு. வளைமூக்கு உள்ளானும் கொசு உள்ளானும் சைபீரியாவின் வடகோடித் துந்திரத்திலிருந்து (மரமே இல்லாத உறைபனிச் சமவெளி) வருகின்றன. மணல் உப்புக்கொத்தி திபெத், லடாக் பக்கத்து மலைச் சமவெளிகளிலிருந்து இமயத்தைத் தாண்டி வருகிறது. பழுப்புத்தலைக் கடற்காகமும் அந்தப் பக்கத்து ஏரிகளில்தான் குஞ்சு பொரிக்கிறது. ஹூக்லின் கடற்காகம் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரையிலிருந்து வருவது. எதிர்க்கரையில் மன்னாரில் இந்தக் கடற்காகங்களுக்கு ஜி.பி.எஸ். கருவி பொருத்தி, அவை ஆர்க்டிக்வரை போனதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வரைபடத்திலேயே காட்டியிருக்கிறார்கள். ஆர்க்டிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடல்வரை நீளும் இந்த வழிக்கு மத்திய ஆசிய வலசைப் பாதை என்று பெயர். நம் தீவு இந்தியப் பெருநிலத்தை ஒட்டி அதன் தென்கோடித் தங்கல்களில் ஒன்று.

இத்தனை பறவைகள் வரும்படி இந்தத் தீவில் அப்படி என்ன இருக்கிறது?

இரண்டு கடல் இருக்கிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூர்க்காரர்கள் வடபக்கத்தைப் பெண் கடல் என்றும் தென்பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பருவத்துக்குப் பருவம் ஒன்று கொந்தளிக்க மற்றொன்று அமைதியாகிவிடும். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் வடகரை கலங்கும், தென்கரை தணியும். தென்மேற்குப் பருவக்காற்றில் அப்படியே தலைகீழ். பறவைக்கு இதில் பெரிய லாபம். எந்தக் காற்றிலும் ஏதாவது ஒரு கரையில் ஒதுங்கி இரை தேடலாம், ஓய்வெடுக்கலாம்.

அப்புறம், இந்தக் கடல்கள் ஆழமற்றவை. தனுஷ்கோடி நாக்கின் இருபுறமும் மணல் திட்டுகள், சேற்றுக் கழிகள், கடற்புல் படுகைகள். மண்டபத்துக்குத் தெற்கே தூத்துக்குடிவரை 21 தீவுகள் சங்கிலியாகக் கிடக்கின்றன. 1986இல் அவை கடல்சார் தேசியப் பூங்காவாயின. 1989இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் வந்தது. மனிதர் எளிதில் போகாத அந்தத் தீவுகள் பறவைகளுக்கு ஓதம் ஏறும் வேளையில் கால் வைக்கக் கிடைக்கும் இடங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ஊர் அழிந்தது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. மீனவக் குடும்பங்கள் மட்டும் சிறு குடிசைகளில் திரும்பி வந்து வாழ்கின்றன. அவ்வளவு பெரிய துயரத்துக்குப் பிறகு கட்டடம் ஏறாமல் கிடந்த அந்த மணல்தான் இன்று பறவைகளுக்கு இடம் தருகிறது.

காலையில் போகலாமா, மாலையிலா?

கடிகாரத்தைப் பார்த்துப் போவதைவிட ஓதத்தைப் பார்த்துப் போங்கள். காட்டுப் பறவைகளுக்கு விடியல்தான் நேரம். கரைப்பறவைக்குத் தண்ணீர்தான் நேரம். வற்றும்போது சேறு வெளிப்படும், பறவைகள் பரந்து போய் மேயும். கண்ணுக்கு எட்டாத தூரத்தில் புள்ளியாகத் தெரியும். ஏறும்போது சேறு மூழ்கும், பறவைகள் பின்வாங்கி மேடான மணலில் கூட்டமாக வந்து நிற்கும். ஏற்றம் முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அமைதியாக ஓர் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டால், நீங்கள் பறவையைத் தேட வேண்டாம். தண்ணீரே அவற்றை உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும்.

ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்று. நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். பாம்பனுக்கான ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். இங்கே ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் காற்று நினைத்தால் அட்டவணையை மாற்றிவிடும். வாடை பலமாக அடித்தால் பாக் விரிகுடாத் தண்ணீர் கரையோடு ஒட்டி நிற்கும், வற்ற வேண்டிய நேரத்திலும் சேறு தெரியாது. கரைவலை இழுக்கும் அண்ணன்களிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். இன்றைக்குத் தண்ணீர் எப்படி, எத்தனை மணிக்கு வற்றும் என்று அட்டவணையைவிடச் சரியாகச் சொல்வார்கள்.

பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம், அதனால் பறவை பார்க்க அவை நல்ல நாட்கள். ஆனால் இது ராமேசுவரம். தை அமாவாசைக்குத் தீர்த்தமாட வரும் கூட்டத்தில் தனுஷ்கோடிச் சாலையில் வண்டி நகராது. அதற்கு எளிய வழி இருக்கிறது: அமாவாசை முடிந்து ஓரிரு நாள் கழித்துப் போங்கள். கூட்டம் கலைந்திருக்கும். ஓதமோ அப்போதும் பலமாகவே இருக்கும், அதன் உச்சம் பொதுவாக ஓரிரு நாள் தள்ளித்தான் வரும்.

இவ்வளவும் சொன்ன பிறகு வெளிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். காலை ஒன்பதரைக்கு மேல் மணல் சூடேறி கானல் ஆடும். தூரத்து உள்ளானின் கால் நிறம் தெரியாது. விடிகாலையில் ஏற்றம் வரும் நாள் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

தீவில் எங்கெங்கே நிற்கலாம்?

முதலில் கோதண்டராமர் கோயில் வழி. தனுஷ்கோடி நெடுஞ்சாலையிலிருந்து வடக்கே பிரிந்து கோயிலுக்குப் போகும் அந்தச் சிறு சாலையின் இரு பக்கமும் உப்பங்கழி. 1964 புயலைத் தாங்கி நின்ற கோயில் அது. பூநாரைகளுக்கு இதுதான் தீவில் பேர்போன இடம். காலையில் மேற்குப் பக்கத் தண்ணீரையும் மாலையில் கிழக்குப் பக்கத் தண்ணீரையும் பாருங்கள், வெயில் முதுகில் இருக்கும். சாலை ஓரத்து உமரிச் செடிகளுக்கிடையே பவளக்காலி, பச்சைக்காலி, கொசு உள்ளான் எல்லாம் வண்டிக்குள் இருந்தே தெரியும். வண்டியை விட்டு இறங்காமல் பார்த்தால் இன்னும் நெருங்கி வரும்.

அடுத்து முகுந்தராயர் சத்திரத்திலிருந்து பழைய தனுஷ்கோடி வரை. சாலைக்கும் பாக் விரிகுடாவுக்கும் இடையில் விரியும் சேற்று வெளியில்தான் கரைப்பறவைக் கூட்டங்கள். பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் இங்கே நிற்காமல் அரிச்சல்முனைக்கே போய்விடுகிறார்கள். அது நமக்கு நல்லது.

அரிச்சல்முனை சாலை முடியும் இடம். அங்கே ஆலாக்களும் கடற்காகங்களும். ஆட்கள் அதிகம், எனவே முதல் வண்டியாகப் போய்விடுவது உத்தமம். மாலையில் இருட்டுவதற்கு முன்பே எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதற்கேற்ப நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். முனைக்கு அப்பால் கடலில் தெரியும் மணல் தீடைகள் சர்வதேச எல்லையை ஒட்டியவை. படகில் அங்கே போகலாமா என்று கேட்காதீர்கள், போகக்கூடாது.

தீவின் மேற்குக் கோடியில் பாம்பன் அருகே குந்துகால். எதிரே குருசடைத் தீவு. மீன்பிடிப் படகுகளுக்கு மேலே செம்பருந்துகள், கரையோரப் பாறைகளில் கல்திருப்பிகள். தீவுக்கு வெளியே மண்டபம் பக்கத்துப் பிள்ளைமடம் கழியும் பூநாரைக்கு நல்ல இடம். ராமேசுவரம் போகும் வழியிலேயே பார்த்துவிடலாம்.

போனால் பூநாரை நிச்சயம் தெரியுமா?

நிச்சயம் என்று யாரும் சொல்ல முடியாது. மழை அதிகம் பெய்து கழி ஆழமாகிவிட்டால் அவை வேறு இடம் தேடிப் போய்விடும். மழை பொய்த்துக் கழி காய்ந்துவிட்டாலும் அப்படியே. ஒரு வாரம் நூற்றுக்கணக்கில் நின்றவை அடுத்த வாரம் ஒன்றுகூட இல்லாமல் போகும்.

இருந்தால் அவசரப்படாமல் ஒரே பறவையைத் தொடர்ந்து பாருங்கள். கழுத்தை முழுதாக வளைத்து, அலகை மேல்கீழாகக் கவிழ்த்துத் தண்ணீரில் வைக்கும். தடித்த நாக்கு பம்பு மாதிரி தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும், அலகின் ஓரத்துச் சன்னமான தகடுகளில் இரை தங்கிவிடும். சில சமயம் ஒரே இடத்தில் நின்று இரண்டு கால்களாலும் மாறி மாறி மிதித்து வட்டமாகச் சுற்றும். சேற்றிலிருந்து இரை கிளம்பும். அந்த இரையில் உள்ள நிறமிதான் சிறகில் இளஞ்சிவப்பாக ஏறுகிறது. கூட்டத்தில் அழுக்கான சாம்பல் நிறத்தில், கொஞ்சம் குட்டையாக நிற்பவை இளம் பறவைகள். அவற்றை நோய்ப்பட்டவை என்று நினைத்துக் கேட்பவர்கள் உண்டு. வளர்ந்தால் நிறம் வந்துவிடும்.

பூநாரை தவிர மற்றதெல்லாம் ஒரே மாதிரி சாம்பல் குருவியாகத் தெரிகிறது. எப்படிப் பிரித்தறிவது?

எல்லோருக்கும் இந்தத் தடுமாற்றம் வரும். நிறத்தை மறந்துவிடுங்கள். முதலில் அது எப்படி இரை தேடுகிறது என்று பாருங்கள்.

உப்புக்கொத்திகளுக்கு அலகு குட்டை, கண் பெரிது. கண்ணால் தேடும். நாலு அடி ஓடும், சட்டென நிற்கும், தலை அசையாது, பிறகு குனிந்து ஒரு கொத்து. மறுபடி ஓட்டம். உள்ளான்களுக்கு அலகு நீளம், அவை தொட்டு அறிபவை. தலை நிமிராமல் தையல் மிஷின் ஊசி இறங்குவதைப்போலச் சேற்றைக் குத்திக்கொண்டே நகரும். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் கூட்டத்தில் பாதி பிரிந்துவிடும்.

அடுத்து அலகின் நீளமும் வளைவும். மிகச் சிறியது, அலகும் குட்டை, கால் கறுப்பு: கொசு உள்ளான். அதன் எடை சுமார் 25 கிராம்தான். அதைவிடப் பெரிது, அலகு நீண்டு நுனி கீழ்நோக்கி வளைந்திருக்கிறது: வளைமூக்கு உள்ளான். பறக்கும்போது வால் மேல்பகுதி பளிச்சென வெள்ளையாகத் தெரிந்தால் சந்தேகமே இல்லை. அலை பின்வாங்கும்போது துரத்தி ஓடி, அலை வரும்போது திரும்பி ஓடிவரும் வெளிறிய பறவை சாண்டர்லிங். அது சேற்றில் நிற்பதைவிட அலையடிக்கும் மணலில் நிற்பதே அதிகம், ஆகவே தென்கரையில் தேடுங்கள். அலகு நீண்டு லேசாக மேல்நோக்கி வளைந்த பெரிய பறவை பட்டைவால் மூக்கன். இந்த இனத்தின் ஓர் இளம் பறவை 2022இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவரை 11 நாள் எங்கும் இறங்காமல் 13,560 கி.மீ. பறந்தது. நம் கரைக்கு வருபவை வேறு கூட்டம், வேறு வழி, ஆனால் அதே உடல்தான். அலகு அதைவிட நீளமாகக் கீழ்நோக்கி அரிவாளாக வளைந்தால் குதிரைமலைக் கோட்டான்.

கல்திருப்பிக்குத் தனி அடையாளமே வேண்டாம். வலை காயப்போட்ட இடத்தில் சிப்பியையும் கடற்பாசியையும் அலகால் நெம்பிப் புரட்டிக்கொண்டிருக்கும். அடியில் ஒளிந்த பூச்சியும் நண்டுக் குஞ்சும் அதற்கு இரை. ஒன்றால் முடியாததை இன்னொன்று வந்து சேர்ந்து தள்ளுவதும் உண்டு. ஆரஞ்சுக் கால்கள். ஆட்களைப் பார்த்து அவ்வளவு சீக்கிரம் பறக்காது. முதன்முதலில் பழக இதைவிட நல்ல கரைப்பறவை இல்லை.

எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. முதல் நாளில் ஐந்து இனம் உறுதியாகத் தெரிந்தால் அதுவே நிறைவு.

நண்டுதின்னியைப் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் அதிர்ஷ்டம் வேண்டும். கறுப்பு வெள்ளை உடல், நீண்ட சாம்பல்நீலக் கால்கள், உளிபோல் கனத்த கறுப்பு அலகு. தன் குடும்பத்தில் வேறு இனமே இல்லாத ஒற்றைப் பறவை இது. பாரசீக வளைகுடா, ஓமன், செங்கடல் பக்கத்து மணலில் வளை தோண்டி ஒரே ஒரு வெள்ளை முட்டை இடும். மணலின் சூடும் முட்டையை அடைகாக்க உதவுகிறது.

இங்கே பார்க்கும்போது கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. குஞ்சு வளர்ந்து வலசை வந்த பிறகும் பெற்றோரிடம் உணவு கேட்டுக்கொண்டிருக்கும். கரைப்பறவைகளில் இது மிக அபூர்வம். மற்றக் கரைப்பறவைகளின் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டையை விட்டு வெளியே வந்த கொஞ்ச நேரத்திலேயே தானாகத் தேடித் தின்னத் தொடங்கிவிடும். நண்டைக் கையாளக் கற்றுக்கொள்ள நேரம் ஆகும் என்பது காரணமாக இருக்கலாம். ஓடிப்போய்ப் பிடித்து, உதறிக் காலை முறித்து, பிறகு உடலை விழுங்குவதைப் பார்த்தால் அது புரியும். மண்டபம் பக்கத்துத் தீவுகளில் இவை அதிகம், தனுஷ்கோடிச் சேற்றில் எப்போதாவது.

அனுமன் பெயரில் ஒரு பறவை உண்டாமே?

உண்டு. அனுமன் உப்புக்கொத்தி. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் நிரந்தரமாக வாழும் இந்தச் சிறு பறவையை நெடுங்காலம் கென்டிஷ் உப்புக்கொத்தியின் உட்பிரிவாகவே வைத்திருந்தார்கள். மரபணு, உடல் அளவு எல்லாவற்றையும் ஆராய்ந்து 2023இல் தனி இனம் என்று காட்டினார்கள். சேது கட்டிய கதை நடக்கும் கடலுக்கு இருபுறமும் வாழ்வதால் அந்தப் பெயர். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் கென்டிஷும் இதே மணலில் நிற்கும், குழம்பத்தான் செய்யும். ஆணுக்கு அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே கறுப்புக் கோடு பெரும்பாலும் இருக்காது என்பது ஓர் அடையாளம்.

வெறும் மணலில் சிறு குழி செய்து முட்டை இடும். முட்டைக்கும் மணலுக்கும் வித்தியாசமே தெரியாது. ஒரு பறவை இறக்கை ஒடிந்ததுபோல் உங்கள் முன்னால் தத்தித் தத்தி ஓடினால் நீங்கள் கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். வந்த தடத்திலேயே மெதுவாகத் திரும்பிவிடுங்கள். வண்டிகள் சாலையை விட்டு மணலில் இறங்கக்கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

தரைவாழ் பறவைகளும் இந்த வழியாக வருமா?

வரும். இலங்கையில் குளிர்காலம் கழிக்கும் பறவைகளில் ஒரு பகுதி இந்தத் தீவைக் கடந்தே போகிறது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கடல்வழி சுமார் 30 கி.மீ.தான். அக்டோபரில் தகைவிலான்களும் நீலவால் பஞ்சுருட்டான்களும் பகலிலேயே கடப்பதைப் பார்க்கலாம். ஆறுமணிக்குருவி இரவில் பறக்கும். களைத்து இறங்கும்போது தோட்டத்தில், சில சமயம் வீட்டு முற்றத்தில்கூடக் கிடக்கும். தங்கச்சிமடம் பக்கத்துத் தோப்புகள், உடை மரக் காடுகள், பனங்கூட்டங்களில் பழுப்புக் கீச்சான், அரசவால் ஈப்பிடிப்பான் எல்லாம் தேடலாம்.

எதிர்க்கரையான மன்னார் தீவு எப்படி?

அதே பறவைகள், இன்னும் பெரிய சேற்று வெளிகள். மன்னார் தீவுக்குப் போகும் வழியில் உள்ள வங்காலை சரணாலயம் 2010இல் ராம்சார் தலமானது, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்று அறிவிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கில் ஊசிவால் வாத்துகளையும் நாமத்தலை வாத்துகளையும் அங்கே பார்க்கலாம். இலங்கையில் இருப்பவர்கள் ராமேசுவரம்வரை வரவே வேண்டாம். மன்னார் தீவின் தென்கரையில் 103.5 மெகாவாட் திறனில் 30 காற்றாலைகள் நிற்கின்றன. இன்னும் கட்டும் திட்டங்களுக்கு ஊர் மக்களும் பறவை ஆய்வாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்து வருகிறார்கள். வலசைப் பறவைகள் குவியும் வாசலில் காற்றாலை வரிசை வைப்பது சரியல்ல என்பதே என் கருத்தும். காற்று மின்சாரம் தேவைதான். அதற்கு வேறு இடங்கள் உண்டு, பறவைக்கு வேறு வாசல் இல்லை.

என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

8க்கு 42 பைனாகுலர் போதும். கரைப்பறவையில் ஆர்வம் வந்துவிட்டால் ஸ்பாட்டிங் ஸ்கோப் ஒன்றும் காற்றுக்கு ஆடாத கனமான டிரைபாடும் வாங்கத் தோன்றும். தொப்பி, தண்ணீர், உப்புக்காற்றுக்கு லென்ஸ் துடைக்க மெல்லிய துணி. ராமேசுவரத்திலிருந்து அரிச்சல்முனைக்கு அரசுப் பேருந்து இருக்கிறது, ஆனால் நினைத்த இடத்தில் நிற்க ஆட்டோதான் வசதி. கிளம்பும் முன்பே எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள்.

படம் எடுக்க எவ்வளவு பக்கம் போகலாம்?

பறவை சொல்லும். மேய்ந்துகொண்டிருந்தவை தலை நிமிர்த்திப் பார்த்தால் நின்றுவிடுங்கள். நடக்க ஆரம்பித்தால் இரண்டடி பின்னால் வாருங்கள். பறந்துவிட்டால் நீங்கள் தப்பு செய்துவிட்டீர்கள்.

பறப்பதில் என்ன நஷ்டம், பறவைதானே என்று கேட்பார்கள். ஏப்ரலில் ஒரு வளைமூக்கு உள்ளான் சைபீரியப் பயணத்துக்குக் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. சாதாரண நாளில் அதன் எடை 60 கிராம் அளவு. மேலே ஏற்றும் ஒவ்வொரு கிராமும் அதற்குப் பயண எரிபொருள். சேறு திறந்திருக்கும் சில மணி நேரத்தில் தின்றால்தான் உண்டு. ஏற்றம் வந்து ஓய்வெடுக்கும்போது நாய் ஒருமுறை, ஜீப் ஒருமுறை, செல்ஃபி எடுக்க ஓடிவரும் பிள்ளைகள் ஒருமுறை என்று எழுப்பிவிட்டால், சேர்த்ததை அங்கேயே செலவழிக்கும். பூநாரைக் கூட்டம் பறந்தால் சிறகின் சிவப்பு தெரியும், படம் நன்றாக வரும் என்று கல்லெறியச் சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து தடுத்துச் சொல்லுங்கள். பொறுமையாக இருந்தால் அவை தாமாகவே இடம் மாறும், அப்போது எடுக்கலாம்.

டிரோன் வேண்டவே வேண்டாம். கடலோரப் பாதுகாப்புப் பகுதி இது, அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் சட்டச் சிக்கல். கரைப்பறவைக்கோ மேலே இரையும் எந்தப் பொருளும் வல்லூறுதான்.

சாலை போட்ட பிறகு பறவை குறைந்துவிட்டதா?

2017இல் அரிச்சல்முனைவரை தார்ச்சாலை திறந்ததிலிருந்து அங்கே வரும் வண்டிகள் பல மடங்கு பெருகிவிட்டன. முன்பு மணலில் வேன் மட்டுமே போகும். கூட்டம் ஓய்வெடுத்த முனைப் பகுதி இப்போது பகல் முழுக்கச் சந்தை. பிளாஸ்டிக் பையும் அறுந்த வலைத் துண்டும் கழியில் சேர்கின்றன, நைலான் இழை காலில் சுற்றிக்கொண்ட பறவைகளைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

நல்ல செய்தியும் உண்டு. 2025 ஜூனில் தமிழ்நாடு அரசு தனுஷ்கோடியில் சுமார் 524.7 ஹெக்டேர் பரப்பைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. இது வெறும் பலகையாக நின்றுவிடாமல், ஏற்ற நேரத்தில் பறவைகள் கூடும் மேடுகளுக்கு வண்டியும் ஆளும் போகாதபடி பார்த்துக்கொண்டால் மிகப் பெரிய உதவி. பூநாரைக்குச் செய்யும் காவல் பெயர் தெரியாத ஆயிரம் உள்ளான்களுக்கும் சேரும்.

நாங்கள் பார்த்ததைப் பதிவு செய்தால் யாருக்காவது பயன்படுமா?

கட்டாயம். இ-பேர்ட் செயலியில் இடம், நேரம், எண்ணிக்கையோடு பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு வருடமும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, பிள்ளைகளோடு கலந்துகொள்ள ஏற்ற நாட்கள். பெயர் உறுதியாகத் தெரியாததை ஊகித்துப் போடாமல் 'உள்ளான் வகை' என்று போட்டால் போதும், அதுவும் தரவுதான்.

காலில் வளையமோ வண்ணக் கொடியோ உள்ள பறவையைப் பார்த்தால்?

எந்தக் காலில், முழங்காலுக்கு மேலா கீழா, கொடியின் நிறம் என்ன, எழுத்து தெரிகிறதா என்று உடனே குறித்துக்கொள்ளுங்கள். மங்கலான படமானாலும் எடுங்கள். கொடியின் நிறத்தை வைத்தே எந்த நாட்டில் மாட்டியது என்று கண்டுபிடித்துவிடலாம். மண்டபத்திலும் அதைச் சுற்றிய தீவுகளிலும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் எஸ். பாலச்சந்திரன் 1980களில் இருந்தே கரைப்பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்தார். கோடியக்கரையில் இந்த வேலை இன்னும் நீண்ட காலமாக நடக்கிறது. ஆகவே நீங்கள் பார்க்கும் வளையம் பக்கத்திலேயே போட்டதாகவும் இருக்கலாம், சீனாவில் போட்டதாகவும் இருக்கலாம்.

இறந்த பறவையின் காலில் வளையம் இருந்தால் அதன் எண்ணை முழுதாகப் படம் எடுத்து, கண்ட இடத்தையும் தேதியையும் சேர்த்து அந்தக் கழகத்துக்கு அனுப்புங்கள். உயிரோடு அடிபட்டுக் கிடந்தால் தண்ணீர் புகட்ட முயல வேண்டாம். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, நிழலில் வைத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். வலை இழை சுற்றியிருந்தால் இழுக்காமல் கத்தரியால் வெட்டுங்கள், இழுத்தால் கால் போய்விடும். பையில் ஒரு சிறு கத்தரி எப்போதும் இருக்கட்டும்.